திரையில் ஒரு நகரம், தெருவில் ஒரு நகரம்

மதுரையைக் கரும்பலகையில் வரைந்து காட்டுவது எளிது. நடுவே ஒரு சதுரம் கோயில். அதனுள்ளே ஆடி வீதிகள். அதனைச் சுற்றிச் சித்திரை வீதிகள், ஆவணி மூல வீதிகள், மாசி வீதிகள், வெளி வீதிகள். வடக்கே வைகையைக் குறிக்க ஒரு வளைந்த கோடு. தாமரை மலரின் இதழ்கள்போல் விரிந்த நகரம் என்று சொன்னால் மாணவர் முகம் மலரும். புவியியல் ஆசிரியனாக இருந்த ஆண்டுகளில் இப்படத்தை எத்தனை முறை வரைந்திருப்பேன் என்று எனக்கே கணக்கில்லை. அந்த இதழ்களில் எதில் யார் வாழ்கின்றனர், ஏன் அங்கே வாழ்கின்றனர் என்பதைச் சொல்ல அப்படத்தில் இடமிருந்ததில்லை.

நகர அமைப்பைப் பற்றிய பாடத்தில் எர்னஸ்ட் பர்கெஸ் என்னும் அமெரிக்க அறிஞர் 1925-இல் வெளியிட்ட வட்ட மண்டலக் கோட்பாடு தவறாமல் இடம்பெறும். அவர் கண்ட சிகாகோ நகரில் மையத்தை ஒட்டி ஏழைகளும் புதிதாகக் குடியேறியோரும், வெளிவட்டங்களில் வசதி படைத்தோரும் வாழ்ந்தனர். மதுரையின் பழைய அமைப்போ இதற்கு நேர்மாறானது. இங்கே கோயிலையும் அரண்மனையையும் அண்டி வாழ்ந்தோரே செல்வாக்கு மிக்கவர். உழைப்பாளர்களில் பலர் விளிம்பிலும் அதற்கப்பாலும் வாழ்ந்தனர். இவ்வேறுபாட்டை விளக்கிவிட்டால் ஏற்றத்தாழ்வைக் கற்பித்துவிட்டதாக நான் நம்பியிருந்தேன். அந்த நம்பிக்கை உடைந்த கதையை இக்கட்டுரையின் பிற்பகுதியில் சொல்கிறேன். அதற்குமுன், நகரம் ஒன்றை மாணவர் கண்முன் நிறுத்தப் படத்தைத் துணைக்கொண்ட வரலாற்றைச் சற்றே திரும்பிப் பார்ப்போம். அவ்வரலாற்றில் மதுரைக்கும் ஓரிடம் உண்டு.

கோபுரத்து மேசையில் ஒரு நகரம்

ஸ்காட்லாந்து நாட்டின் எடின்பரோ நகரில் உயர்ந்த கோபுரம் ஒன்று இருக்கிறது. அதன் உச்சியில் இருட்டறை. அதனுள் ஒரு வெண்ணிற மேசை. மேலேயுள்ள கண்ணாடியும் வில்லையும் வெளியே நிகழ்வனவற்றை அம்மேசைமீது உயிருள்ள படமாக வீழ்த்தும். தெருவில் நடப்போரும் ஓடும் வண்டிகளும் மேசையில் அசைவதைக் காணலாம். திரைப்படம் பிறப்பதற்குச் சில ஆண்டுகள் முன்னரே, 1892-இல், இக்கோபுரத்தைத் தம் கல்விப் பணிக்காகப் பெற்றுக்கொண்டவர் பாட்ரிக் கெடிஸ். உயிரியல் அறிஞராகத் தொடங்கி நகரமைப்பு அறிஞராக வளர்ந்தவர் அவர்.

கோபுரத்துக்கு வருவோரை அவர் முதலில் உச்சிக்கு அழைத்துச் செல்வார். தம் நகரத்தையே அவர்கள் அங்கே படமாகக் காண்பர். பின் ஒவ்வொரு தளமாக இறங்கி வரவேண்டும். முதலில் எடின்பரோ நகரைப் பற்றிய அறை, அதன்கீழ் ஸ்காட்லாந்து, அதன்கீழ் ஆங்கிலம் பேசும் நாடுகள், பின்னர் ஐரோப்பா, கடைசியாக உலகம். அண்மையிலிருந்து தொலைவுக்குச் செல்லும் இந்த வரிசையில்தான் அவருடைய கல்விக் கொள்கை முழுவதும் அடங்கியிருந்தது.

சென்னை மாகாண ஆளுநராயிருந்த பென்ட்லண்ட் பிரபுவின் அழைப்பை ஏற்று 1914-இல் கெடிஸ் இந்தியா வந்தார். உலக நகரங்களைப் பற்றிப் பல்லாண்டுகளாக அவர் திரட்டியிருந்த படங்களும் வரைபடங்களும் தனிக் கப்பலில் வந்தன. அக்கப்பலை ஜெர்மானியரின் எம்டன் போர்க்கப்பல் கடலில் மூழ்கடித்தது. சென்னைமீது குண்டு வீசித் தமிழர் நாவில் பழமொழிபோல் நிலைத்துவிட்ட அதே எம்டன்தான். நண்பர்கள் துணையுடன் கெடிஸ் புதிய படத்தொகுதி ஒன்றைத் திரட்டி, 1915 சனவரியில் சென்னையில் கண்காட்சி நடத்தினார். அதே ஆண்டில் சென்னை மாகாண நகரங்களைப் பற்றி அவர் எழுதிய அறிக்கைகளில் மதுரையும் ஒன்று.

நெருக்கமான குடியிருப்புகளை மொத்தமாக இடித்து, அளவுகோல் வைத்தாற்போல் அகன்ற சாலை போடுவது அன்றைய பொறியாளர் வழக்கம். கெடிஸ் இதனைக் கடுமையாக எதிர்த்தார். இடிக்கப்பட்ட வீட்டின் ஏழை எங்கே போவான் என்று கேட்டார். அவன் அடுத்த தெருவின் நெரிசலைத்தான் கூட்டுவான் என்றார். தெருத்தெருவாக நடந்து, வீடு வீடாகப் பார்த்து, மிகக் குறைவாகவே இடித்துச் சீர்செய்ய வேண்டும் என்பது அவர் முறை. கோபுரத்து உச்சியிலிருந்து நகரைப் படமாகக் காட்டியவரே தெருவில் இறங்கி நடந்தார் என்பதை இங்கே மனத்தில் கொள்வோம்.

மலையில் தொடங்கிக் கடலில் முடியும் ஆற்றுப்படுகையை ஒரே குறுக்குவெட்டாக வரைந்து, ஒவ்வொரு மட்டத்திலும் மக்கள் செய்யும் தொழிலைக் குறிப்பதும் அவர் கற்பித்த முறையே. வருசநாட்டு மலையில் பிறந்து, மதுரைச் சமவெளியைக் கடந்து, இராமநாதபுரத்துக் கண்மாய்களை நிரப்பும் வைகைக்கு இம்முறை எவ்வளவு பொருந்தும்! 1895-இல் முல்லைப் பெரியாறு அணையின் நீர் வைகைப் படுகைக்குத் திருப்பப்பட்டது. நீர் பெற்ற ஊர்களில் இருபோகம் விளைந்தது; பெறாத ஊர்கள் வானம் பார்த்துக் கிடந்தன. நகரத்துக்குப் பிழைப்பு தேடி நடந்தவர்களில் எத்தனை பேர் எந்த வகை ஊர்களிலிருந்து நடந்தனர் என்று கேட்டாலே நகரப் பாடத்தின் முதல் பக்கம் திறந்துவிடும். நகரத்தின் ஏற்றத்தாழ்வு வயல்வெளியிலேயே தொடங்கிவிடுகிறது.

மதில் போன இடமும் தெரு வந்த இடமும்

வெளி வீதிகளில் நடக்கும் மாணவனுக்குத் தன் காலடியில் கோட்டை மதிலும் அகழியும் இருந்தன என்பது தெரியாது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பாதியில், பிளாக்பர்ன் ஆட்சியராயிருந்தபோது அவை அகற்றப்பட்டன. மதிலை இடித்து அகழியைத் தூர்ப்போருக்கு அந்நிலத்திலேயே மனை என்று அறிவிக்கப்பட்டது. அப்பணியில் ஈடுபட்ட நில அளவையாளர், மேற்பார்வையாளர் ஆகியோர் பெயர்கள் மாரட் வீதி, பெருமாள் மேஸ்திரி வீதி என இன்றும் வழங்குகின்றன. பெரியார் பேருந்து நிலையத்தருகே எஞ்சி நிற்கும் கொத்தளம் பழைய கோட்டைக்குச் சாட்சி.

மதில் போனபின் நகரம் வெளியே பெருகிற்று. 1875-இல் இருப்புப்பாதை வந்தது. 1892-இல் ஹார்வி ஆலை தொடங்கியது. ஆங்கில அதிகாரிகள் ஆற்றுக்கு வடக்கே தல்லாகுளத்தில் காற்றோட்டமான வளாகங்களில் வாழ்ந்தனர். பிற்காலத்தில் கே.கே. நகர், அண்ணா நகர் முதலிய குடியிருப்புகளும் வடகரையிலேயே எழுந்தன. ஆற்றங்கரைப் புறம்போக்கிலும் வாய்க்கால் ஓரங்களிலும் குடிசைகள் நிறைந்தன. 1901-இல் மதுரையின் மக்கள்தொகை 1,05,984. 2011 கணக்கெடுப்பில் மாநகராட்சியில் மட்டும் 10,17,865. ஏறத்தாழப் பத்து மடங்கு. குடிசைவாழ் மக்களுக்கென்று 1970-இல் தமிழக அரசு தனி வாரியம் ஒன்றை நிறுவ வேண்டியிருந்தது என்பதே சிக்கலின் அளவைக் காட்டும். அவ்வாரியம் 2021 முதல் வேறு பெயர் தாங்கியுள்ளது.

கோட்டை மதிலை வரைபடத்தில் குறிக்கிறோம். வேறு சில மதில்களை எந்தப் பாடநூலும் குறிப்பதில்லை. மதுரை மாவட்டத்து உத்தப்புரத்தில் ஒடுக்கப்பட்ட மக்களின் தெருவைப் பிரித்து நின்ற சுவரின் ஒரு பகுதி 2008 மே மாதத்தில்தான் இடிக்கப்பட்டுப் பாதை திறந்தது. இதைச் சொல்லும்போது நாம் பிறரை நோக்கி விரல் நீட்டுவதற்கில்லை. 1872-இல் வடக்கன்குளத்தில் எழுந்த நம் ஆலயமே சாதிக்கொரு பகுதியாகப் பிரிக்கப்பட்டிருந்தது. அத்தடுப்பு 1910-இல் கவுசானல் அடிகளார் காலத்தில்தான் அகன்றது. ஒரே பீடத்தை நோக்கி இரு கூட்டமாக முழந்தாளிட்டவர்கள் நம் முன்னோர்.

தரை, பெஞ்சு, நாற்காலி

திரைப்படத்தின் வழியே ஏற்றத்தாழ்வைக் கற்பிக்க எண்ணுவோர் முதலில் திரையரங்கையே ஒரு வரைபடமாகப் பார்க்கலாம். மதுரை திரைப்பட ஊர். 1937-இல் வெளிவந்த 'சிந்தாமணி' படத்தைத் தயாரித்தவர்கள் மதுரையைச் சேர்ந்தவர்கள். அதன் இலாபத்திலேயே சிந்தாமணி திரையரங்கு கட்டப்பட்டது. 1952 தீபாவளியன்று 'பராசக்தி'யுடன் திறக்கப்பட்ட தங்கம் திரையரங்கு 2,500-க்கும் மேற்பட்டோர் அமரக்கூடியது. ஆசியாவிலேயே பெரியது என்று பெயர் பெற்றது. இரண்டும் இன்று இல்லை.

அக்காலத் திரையரங்குகளில் திரைக்கு மிக அருகே தரை, அதன்பின் பெஞ்சு, அதன்பின் நாற்காலி, மேலே பால்கனி. சீட்டு வாங்கும் வரிசையும் நுழையும் வழியும் வேறு வேறு. ஒரே கதையைக் கண்டு ஒரே நேரத்தில் அழுதவர்கள் ஒருவரையொருவர் காணாமலே வீடு திரும்பினர். பர்கெஸ் வரைந்த வட்டங்களை எங்கள் தலைமுறை இங்கேயே பார்த்துவிட்டது. அதற்குப் பெயர்தான் தெரியாது.

1980-களின் நடுவில் மதுரையில் தங்கி ஏழை மக்களின் திரைப்பட ஈடுபாட்டை ஆராய்ந்தவர் சாரா டிக்கி என்னும் அமெரிக்க மானிடவியலாளர். அவருடைய ஆங்கில நூல் 1993-இல் வெளிவந்தது. திரைப்படம் ஏழையை ஏமாற்றும் மயக்கமருந்து என்று மேல்தட்டினர் இகழ்ந்து பேசுவதை அவர் அப்படியே ஏற்கவில்லை. தம் வாழ்வின் உண்மையான இறுக்கங்களை அம்மக்கள் திரையில் அடையாளம் கண்டனர் என்றும், அவை தீர்வதாகக் கற்பனை செய்யும் இன்பத்தையும் பெற்றனர் என்றும் எழுதினார். பின்னர் 2016-இல் மதுரையைப் பற்றியே மற்றொரு நூலும் எழுதினார். உடை, செல்பேசி போன்றவை பிறர் கண்ணில் மனிதராக மதிக்கப்படுவதற்கு மக்கள் தேடும் வழிகள் என்பது அதில் அவர் விரித்துரைக்கும் கருத்துகளுள் ஒன்று. இதைச் சற்று நினைவில் வைத்திருங்கள்.

படம் எடுப்பவரை ஒரு பெண் கேட்ட கேள்வி

வறியோர் வாழிடத்தைப் படமாக்கிப் பிறருக்குக் காட்டும் முயற்சி பழையது. 1935-இல் இங்கிலாந்தில் எடுக்கப்பட்ட ஓர் ஆவணப்படத்தில் இலண்டனின் நெரிசல் குடியிருப்புகளில் வாழ்ந்தோர் கேமராவை நோக்கித் தாமே பேசினர். எலியையும் ஈரத்தையும் தம் வாயாலேயே விவரித்தனர். அன்று அது புதுமை. ஆயினும் அப்படத்துக்குப் பணம் கொடுத்தவை எரிவாயு நிறுவனங்கள் என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும். படத்தை யார் எடுத்தார், யாருக்காக எடுத்தார் என்று கேட்பதும் பாடத்தின் ஒரு பகுதி.

நம் நாட்டில் ஆனந்த் பட்வர்தன் 1985-இல் பம்பாய் நகரக் குடிசைகள் இடிக்கப்படுவதைப் படமாக்கினார். அதில் ஒரு காட்சி மறக்க இயலாதது. வீடிழந்த பெண் ஒருத்தி படக்குழுவினரையே சாடுகிறாள். ஏழைகளைப் படம் பிடித்து நீங்கள் பெயர் வாங்கிக்கொள்வீர்கள், எங்களுக்கு என்ன கிடைக்கும் என்னும் பொருள்படப் பேசுகிறாள். இயக்குநர் அக்காட்சியை நீக்காமல் வைத்தார். அப்பெண்ணின் கேள்வி படம் எடுப்போருக்கு மட்டும் உரியதன்று; அதனை வகுப்பறையில் திரையிடும் ஆசிரியருக்கும் உரியது. அதை நான் தாமதமாகவே உணர்ந்தேன்.

வகுப்பில் நிகழ்ந்தது

2015-இல் வெளிவந்த 'காக்கா முட்டை' நகரப் புவியியல் பாடத்துக்கென்றே எடுத்தாற்போன்ற படம். இயக்குநர் மணிகண்டன் மதுரைக்கு மேற்கே உசிலம்பட்டிப் பகுதியைச் சேர்ந்தவர். சென்னைச் சேரியில் வாழும் இரு சிறுவர்; அவர்கள் ஏறிக் காக்கை முட்டை குடிக்கும் மரம் நின்ற விளையாட்டிடம் விற்கப்படுகிறது; மரம் வெட்டப்படுகிறது; அங்கே பீட்சா கடை வருகிறது. தண்டவாளத்தோரம் சிந்திய நிலக்கரியைப் பொறுக்கிக் காசு சேர்த்தும், அவர்களுடைய உடையைப் பார்த்தே காவலாளி உள்ளே விட மறுக்கிறான். நல்ல உடை தேடிப்பெற்று மீண்டும் சென்றபோது அடியே கிடைக்கிறது. சிறந்த சிறுவர் படத்துக்கான தேசிய விருது பெற்ற இப்படத்தை நான் பணியாற்றிய பள்ளியில் ஒன்பதாம் வகுப்புக்குத் திரையிட்டேன்.

மாணவர் சிரித்தனர், கைதட்டினர். மறுநாள் ஒரு தாளில் வினா கொடுத்தேன்: 'படத்தில் கண்ட சேரியின் இயல்புகள் ஐந்தினைக் கூறுக.' நெருக்கமான வீடுகள், சுகாதாரக் குறைவு, கழிவுநீர் என்று பலரும் விரைந்து எழுதினர். வைகைக் கரையிலிருந்து வரும் மாணவன் ஒருவன் வெற்றுத்தாளைத் தந்தான். படிப்பில் பின்தங்கியவனல்லன். தனியே அழைத்துக் காரணம் கேட்டேன். நெடுநேரம் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு, "இதப் படம் பாத்துத்தான் எழுதணுமா சார்?" என்று கேட்டான்.

அவனுக்கு விடை சொல்ல எனக்கு நா எழவில்லை. என் வினாவை நானே படித்துப் பார்த்தேன். அவன் பிறந்து வளர்ந்த இடத்தைக் குறைகளின் பட்டியலாக்கி, அந்தப் பட்டியலை அவன் நண்பர்கள் கையால் எழுத வைத்திருக்கிறேன். படத்தில் வேலிக்கு அப்பால் நிற்கும் பணக்காரச் சிறுவன் தான் தின்று மிஞ்சிய பீட்சாவை நீட்டும்போது அண்ணன் அதை மறுத்துவிடுவான். அந்தத் தன்மானத்தைக் கண்டு நெகிழ்ந்தவன் நான். அதே தன்மானம் என் வகுப்பில் வெற்றுத்தாளாக என் கையில் வந்தபோது எனக்கு அடையாளம் தெரியவில்லை.

அடுத்த ஆண்டு வரிசையை மாற்றினேன். கெடிஸ் கோபுரத்தில் வகுத்த வரிசையை அப்போதுதான் உண்மையாகப் புரிந்துகொண்டேன் எனலாம்: முதலில் தன் ஊர், பிறகுதான் மற்றவை. படம் எதையும் காட்டாமல், ஒவ்வொருவரும் வீட்டிலிருந்து பள்ளிக்கு வரும் வழியை வரைந்து வரச் சொன்னேன். வீட்டுக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது, எந்நேரம் வருகிறது, யார் சுமக்கிறார், குப்பை எங்கே போகிறது, தாத்தா எந்த ஊரிலிருந்து வந்தார் ஆகியவற்றையும் எழுதச் சொன்னேன். ஆழ்துளைக் கிணறும் மேல்நிலைத் தொட்டியும் உடைய வீட்டுப் பிள்ளைகள் தண்ணீரைப் பற்றி ஒரு வரிக்குமேல் எழுதவில்லை. தெருக்குழாயில் பிடிப்போர் வீட்டுப் பிள்ளைகளோ, எந்நேரம் வரும், எத்தனை குடம் தேறும், எந்தத் தெருவுக்கு முதலில் திறப்பார்கள், மழை பொய்த்த ஆண்டில் என்ன நேர்ந்தது என்று பக்கம் பக்கமாக எழுதியிருந்தனர். அன்று வகுப்பில் கற்பித்தவர்கள் அவர்களே. பலருடைய தாத்தாமார் உசிலம்பட்டி, திருமங்கலம், மேலூர்ப் பக்கத்துச் சிற்றூர்களிலிருந்து வந்தவர்கள் என்பதும் தெரிந்தது.

அதன்பின்னரே படத்தைத் திரையிட்டேன். இம்முறை வினாவை நான் கொடுக்கவில்லை. அவர்களே கேட்கட்டும் என்றேன். எழுந்த முதல் வினா: "அந்த மரம் நின்ன இடத்த வித்தது யாரு சார்?" நில மதிப்பு, பொதுவிடம், உரிமை ஆவணம் ஆகிய மூன்று பாடங்களும் அந்த ஒரு வினாவில் அடங்கியிருந்தன. உடையைப் பார்த்து ஏன் தடுக்கிறார்கள் என்று மற்றொருவர் கேட்க, கடைகளிலும் அலுவலகங்களிலும் தமக்கு நேர்ந்ததை மாணவர் சொல்லத் தொடங்கினர். டிக்கி அம்மையார் தம் நூலில் ஆராய்ந்ததை அவர்கள் வாழ்விலேயே அறிந்திருந்தனர்.

இறங்கி வரும் வழி

இன்று இப்பாடத்துக்கு உதவும் படங்கள் பல உள்ளன. அதே மணிகண்டன் 2022-இல் அளித்த 'கடைசி விவசாயி' உசிலம்பட்டிப் பக்கத்துச் சிற்றூரின் கதை. அக்கம்பக்கத்தார் நிலத்தை மனைகளாக விற்றுவிட, ஒரு முதியவர் மட்டும் உழுதுகொண்டிருக்கிறார். 'காக்கா முட்டை'க்கு முன் இதைக் காட்டினால், நகரத்துக்கு மக்கள் ஏன் நடந்தனர் என்பது விளங்கும். மதுரையைச் சேர்ந்த திவ்யா பாரதி 2017-இல் வெளியிட்ட 'கக்கூஸ்' ஆவணப்படம், கையால் மலம் அள்ளுவதைத் தடைசெய்யும் சட்டங்கள் 1993-இலும் 2013-இலும் வந்த பின்னரும் அத்தொழில் தொடர்ந்ததைக் காட்டுகிறது. அது சிறுவருக்கு உரியதன்று. ஆசிரியரும் பெற்றோரும் முதலில் காணவேண்டியது. நகரின் கழிவு எங்கே போகிறது என்னும் புவியியல் வினாவுக்கு அதில் விடை இருக்கிறது.

எந்தப் படமாயினும் அதைத் திரையிடுமுன் ஆசிரியர் தம்மைக் கேட்டுக்கொள்ள வேண்டியது ஒன்றுண்டு: இப்படத்தில் காட்டப்படுவோரின் பிள்ளை என் வகுப்பில் அமர்ந்திருக்கிறானா? நம் பள்ளிகளில் பெரும்பாலும் அமர்ந்திருக்கிறான். அமர்ந்திருக்கவில்லையெனில் அதுவும் ஏற்றத்தாழ்வின் அடையாளமே. அப்பள்ளியின் வாயிலைப் பற்றி நாம் வேறொரு வினாவை எழுப்ப வேண்டியிருக்கும். அமர்ந்திருந்தால், அவன் அறிந்தவற்றைச் சொல்ல முதலில் அவனுக்கு இடம் கொடுக்க வேண்டும். திரை அதன்பிறகு ஒளிரட்டும்.

வெற்றுத்தாள் தந்த மாணவன் பள்ளியை முடித்துச் சென்று ஆண்டுகள் ஆயின. அத்தாளை நான் எறியவில்லை. மதுரை வரைபடத்தைச் சுருட்டி வைத்திருக்கும் குழாயினுள்ளேயே அதுவும் இருக்கிறது.